பங்களாவுக்குள்ள ஒரு பானை

வாடா பேராண்டி, இப்படி வந்து திண்ணையில உக்காரு. நீ வேலை பாக்கிற எடத்துல இருக்கிற பாம்புங்களுக்கெல்லாம் புது வீடு தயாராயிடுச்சுன்னு உங்கம்மா சொன்னா. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பாத்தாச்சா? பால் காய்ச்சுவீங்களா? காய்ச்சினா நீங்களே குடிச்சுடுங்க, பாம்பு தொடாது. நம்ம ஊர்ப் பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா புத்துல ஊத்தின பாலையெல்லாம் குடிச்சது எறும்புதான். அந்தப் புண்ணியத்துல இந்த ஊர் எறும்புங்க நல்லா கொழுத்துத்தான் திரியுது.

செல்போன்ல நீ காட்டின போட்டோவெல்லாம் பாத்தேன். குறை சொல்லக்கூடாது, ஜோராத்தான் கட்டியிருக்காங்க. தரையிலேர்ந்து மேல் வரைக்கும் ஒரே கண்ணாடி. பின்சுவர்ல அருவி, அருவிப் பக்கத்துல மான், மானுக்குப் பக்கத்துல தோகை விரிச்ச மயில். பாம்பு குடியிருக்கிற வீட்டுச் சுவத்துல மயிலை வரைஞ்ச பெயிண்டரு யாருடா? அவனுக்கும் பாம்புக்கும் இன்னா முன்பகை? சரி, பாம்புக்குப் படம் பாக்கிற வழக்கம் இல்ல, தப்பிச்சான்.

ஆனா இன்னொண்ணும் பாத்தேன். நடுவுல ஒரு சிமெண்டு மரம் வெச்சிருக்கீங்க. மரத்துல ஒரு பொந்து. போட்டோவைப் பெருசு பண்ணச் சொல்லி உன்னைக் கேட்டேன் இல்ல? எதுக்குக் கேட்டேன்னு நெனச்சே? அது பொந்தே கெடையாது. கறுப்புப் பெயிண்டுல வட்டமா ஒரு பொட்டு வெச்சிருக்கான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு அது பொந்து. அந்தப் பக்கம் இருக்கிறதுக்கு வெறும் சுவரு. அந்த வீடு யாருக்காகக் கட்டினதுன்னு எனக்கு அந்தப் பொட்டுலயே தெரிஞ்சு போச்சு.

கோவிச்சுக்காத. ஆபீசருங்க பெரிய படிப்பு படிச்சவங்க. நான் திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கிறவன். ஆனா வரப்புல, வைக்கோல் போருல, கெணத்து மேட்டுல பாம்பு எங்க இருக்கும், எங்க இருக்காதுன்னு பாத்துப் பாத்துக் காலை எடுத்து வெச்ச ஆளு. அந்தப் படிப்புக்கு சர்ட்டிபிகேட்டு கெடையாது. தப்பாப் படிச்சவன் சொல்ல வரமாட்டான்.

கறையான் புத்தெடுக்கப் பாம்பு குடிகொண்டுச்சுன்னு சொல்லுவோமில்ல? அடுத்தவன் ஒழைப்புல உக்காந்து தின்றவனைத் திட்டறதுக்குச் சொல்றோம். கொஞ்சம் பாம்பு பக்கத்துலேர்ந்து யோசிச்சுப் பாரு. அதுக்குக் கையா காலா, எதை வெச்சுத் தோண்டும்? ரெடிமேடா இருக்கிற வீட்டைப் பாத்துத் தேடிப் போவுது. எலி வளை, கறையான் புத்து, கல்லு இடுக்கு. உச்சி வெயில்லயும் புத்துக்குள்ள அந்தச் சூடு எறங்காது. மார்கழிப் பனியிலயும் வெறைக்காது. உள்ள ஒரு ஈரப்பசை எப்பவும் இருக்கும், தோலுரிக்கச் சொல்ல அது வேணும். எல்லாத்துக்கும் மேல, நாலு பக்கமும் ஒடம்புல எதாச்சும் ஒட்டிகினு இருக்கணும் பாம்புக்கு. அப்பதான் அது நிம்மதியாத் தூங்கும். நடு ஹாலுல, நாலு விளக்கு வெளிச்சத்துல, ஒட்ட ஒரு எடம் இல்லாம கெடந்தா, பொண்ணு பாக்க வந்த கூட்டத்துக்கு முன்னாடி உக்கார வெச்ச பொண்ணு கணக்கா அது கூனிக் குறுகிப் போவும்.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு என்னை ஒருக்கா கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? நீ முதலையைப் பாத்துகினு இருந்தே. நான் இருளருங்க விஷம் எடுக்கிற எடத்துலயே நின்னுட்டேன். அவங்க கதை ஒனக்குத் தெரியணும். முன்னெல்லாம் நம்ம வயக்காட்டுல எலி புடிக்க வருவாங்க, பாம்புத் தோலுக்கும் புடிப்பாங்க. தோல் யாவாரம் அப்ப வெளிநாடு வரைக்கும் கொடிகட்டிப் பறந்துச்சு. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு, அப்புறம் தோல் ஏற்றுமதியும் நின்னுச்சு, அவங்க சோத்துல மண்ணு விழுந்துச்சு. ரோமுலஸ் விட்டேக்கர்னு ஒரு வெள்ளைக்காரரு, நம்ம கிண்டி பாம்புப் பண்ணையை ஆரம்பிச்சவரு, அவங்களோட சேர்ந்து 1978ல ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு வழி பண்ணாரு. கொல்லாம விஷம் மட்டும் எடுத்துட்டு, பாம்பைத் திரும்பக் காட்டுல விட்டுடறது. விஷமுறிவு மருந்து செய்யறவங்களுக்கு அந்த விஷம் போவுது.

அங்க பாம்பை எதுல வெச்சிருந்தாங்க, சொல்லு பாப்போம்? மண் பானை. அடியில கொஞ்சம் மணல், வாயில துணி கட்டி ஒரு கயிறு. நல்லது, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை, எல்லாத்துக்கும் அதே வீடுதான். உள்ள இருட்டு, பானை கசியற குளுமை, ஒடம்பு தொட நாலு பக்கமும் சுவரு. துணியை அவிழ்த்தப்ப எட்டிப் பாத்தேன், சுருண்டு கெடந்த விரியன் தலையைக்கூடத் தூக்கல. குயவர்கிட்ட வாங்கின பானை, என்ன வெலை இருக்கும்? உங்க பங்களாவுல ஒரு சதுர அடி கண்ணாடிக்கு ஆன காசுல ஒரு சூளையையே வாங்கிடலாம்.

ஆ, சிரிக்கிறே. "அப்ப எல்லாத்தையும் பானையில போட்டுடலாமா தாத்தா"ன்னு கேக்க வாயெடுக்கிறே. அவசரப்படாத. இருளருங்க பானையில வெக்கிறது மூணு நாலு வாரம். அப்புறம் காட்டுல கொண்டு போயி விட்டுடறாங்க. நீங்க வெக்கப் போறது ஆயுசுக்கும். கொட்டாயில ஒரு மாசம் படுக்கலாம், கொட்டாயிலயே குடித்தனம் பண்ணச் சொன்னா ஒத்துப்பியா? இந்த ஒரு விஷயத்துல உங்க ஆபீசருங்க பக்கம்தான் நான். பாம்பு எந்நேரமும் சுருண்டுதான் கெடக்கும், அதுக்கு எதுக்குப் பெரிய எடம்னு ரொம்ப காலமா ஒரு சோம்பேறிப் பேச்சு இருக்கு. பொட்டியில போட்டுட்டு, பாத்தியா சுருண்டுதான் இருக்குன்னா? அதுக்கு வேற வழி இல்லடா, அதனால சுருண்டிருக்கு. சாரை வரப்பு மேல ஓடறதை நீ பாத்திருக்கியா? ஒடம்பு முழுக்க நீட்டி, ஒரு கோடு இழுத்தாப்போல ஓடும். பத்தடி பாம்புன்னா பத்தடியும் நீட்டிப் படுக்கிற அளவுக்காச்சும் எடம் வேணும். இங்கிலாந்துல லிங்கன்னு ஒரு ஊரு, அங்க இருக்கிற பல்கலைக்கழகத்துல கார்ன் ஸ்நேக்குன்னு சின்னப் பாம்பை வெச்சு ஆராய்ச்சி பண்ணி 2021ல எழுதினாங்க. சின்னக் கூண்டு, பெரிய கூண்டு ரெண்டையும் காட்டி எது வேணும்னு விட்டப்போ, பெரிய கூண்டுக்குத்தான் போச்சாம். அங்க நல்லா நடமாடவும் செஞ்சுச்சாம். நீ படிச்சுச் சொன்னதுதான், நான் மறக்கல. உன்கிட்ட வாங்கினதை வெச்சே உன்னை அடிக்கிறேன், அவ்ளோதான்.

அதனால தாத்தா சொல்றது இதான். பங்களா இருக்கட்டும். பங்களாவுக்குள்ள பானையை வை. அந்தப் பெயிண்டுப் பொந்து இருக்குதே, அதுல ஒரு கல்தச்சனை விட்டு நெசமாவே ஓட்டை போடச் சொல்லு. அப்புறம் பானை. ஒண்ணு போதாது, ரெண்டு. ஒண்ணு வெளக்குச் சூடு படற பக்கம், இன்னொண்ணு குளுந்த பக்கம். ஏன் ரெண்டுன்னு ஆபீசரு கேப்பாரு, பில்லுல கையெழுத்துப் போடறவரு இல்ல? இப்படிச் சொல்லு. பாம்புக்கு ஒடம்புல சொந்தமா அடுப்பு கெடையாது. சூடு வேணும்னா சூட்டுக்குப் போவணும், குளிர்ச்சி வேணும்னா நெழலுக்குப் போவணும். மலைப்பாம்புக்கு ஒரு கோடியில 32 டிகிரி, இன்னொரு கோடியில 25 டிகிரி இருந்தா அதுவா பாத்துக்கும். ஆனா ஒளியற எடம் சூட்டுப் பக்கம் மட்டும்தான்னா? பயந்த பாம்பு வெந்தாலும் வேவுமே ஒழிய வெளிய வராது. ஒளியற எடம் குளுந்த பக்கம் மட்டும்னா, உள்ளயே கெடந்து, தின்ன எலி செரிக்காம கக்கிடும். ரெண்டு பானை வெச்சா, மறைவா சூடான்னு அது ரோசனை பண்ண வேண்டிய வேலையே இல்ல.

இதையெல்லாம் நான் புதுசாக் கண்டுபுடிக்கல. லண்டன் மிருகக்காட்சி சாலையில ஜோன் பிராக்டர்னு ஒரு அம்மா இருந்தாங்க. பத்து வயசுலேர்ந்தே பல்லி, பாம்புன்னு வளர்த்த பொண்ணு, முதலைக் குஞ்சைக் கணக்கு வகுப்புக்குத் தூக்கிட்டுப் போனதுன்னு சொல்லுவாங்க. அந்தக் கணக்கு வாத்தியார் அன்னிக்கு என்னத்தை நடத்தினாரோ. அந்தம்மா வரைஞ்சு குடுத்து 1927ல தெறந்தது லண்டன் பாம்பு வீடு. ஒரு கூண்டுக்குள்ளயே ஒரு எடம் சூடு, ஒரு எடம் கம்மின்னு மின்சாரத்துல ஏற்பாடு. வெயில்ல இருக்கிற நல்ல ஒளியை உள்ள விடற கண்ணாடி கூரையில. ஜனங்க நடக்கிற பக்கம் இருட்டு, கூண்டுக்குள்ள மட்டும் வெளிச்சம். ஒடம்பு எந்நேரமும் நோவு, முப்பத்தி நாலு வயசுல போய்ச் சேந்துட்டாங்க, பாவம். கட்டின வீடு இந்த நூத்தாண்டு வரைக்கும் நின்னு வேலை செஞ்சுச்சு. உன் பங்களாவுல ஜனங்க நடக்கிற வழியில எத்தினி டியூப்லைட்டு போட்டிருக்கீங்க? கல்யாண வீடு தோத்துச்சு. பாதியைக் கழட்டு. கரண்டு பில்லும் மிச்சம், பாம்புக்கும் வெளிய நிக்கிற தலைங்க தெரியாது. ராத்திரி ஆனா உள்ள இருக்கிற வெளக்கையும் அணை. அதுக்குக் கண்ணுக்கு எமை கெடையாது. வெளக்கு எரிஞ்சா மூடிக்க முடியாது, நீ வேணும்னா இன்னிக்கு ராத்திரி முழிச்சுப் பாரு.

இப்ப குடிபோற நாளுக்கு வருவோம். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்து. வயித்துல எலியோட தூக்கினா கக்கிடும். கண்ணு பால் பூத்தாப்போல வெளுத்திருக்கா, அப்ப தோலுரிக்கப் போவுது, பார்வை மங்கியிருக்கும், அந்த நேரம் அதுகிட்டயே போவாத. முகூர்த்தம் தள்ளிப் போனா போவட்டும். காலை வேளையில துணிப் பையில விட்டு, வாயை முடிஞ்சு, ஆடாம அசையாம எடுத்துட்டுப் போ. புது வீட்டுல பையை அவிழ்த்து வெச்சுட்டு வந்துடு. உதறாத. அதுக்கு எப்ப தோணுதோ அப்ப வரும். அப்புறம் ஒண்ணு, இதைத்தான் நீங்க யாரும் பண்ண மாட்டீங்க: பழைய கூண்டை டெட்டால் போட்டுக் கழுவறதுக்கு முன்னாடி, அடியில கெடந்த தேங்காய் நாரு, சருகு, ஒரு கை எடுத்து புதுப் பானைக்குள்ள போடு. பாம்பு நாக்காலதான் மோப்பம் புடிக்கும். நாலு தடவை நாக்கை நீட்டி, அட இது நம்ம நாத்தம்தானேன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். நீ ஹாஸ்டலுக்குப் போனப்ப உங்கம்மாவோட பழைய சீலை ஒண்ணைப் பெட்டியில ஒளிச்சு வெச்சுகினு போனியே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?

கண்ணாடி மேல ஒரு வாரத்துக்கு நியூஸ் பேப்பரை ஒட்டு. மெதுவா, ஒவ்வொரு தாளாக் கிழிச்சு எடு. ஒரு வாரம் எலியும் காட்டாத. தின்னலன்னு பயந்து மூஞ்சிக்கு நேரா ஆட்டிகினு நிக்காத. மலைப்பாம்பு மாசக்கணக்குல பட்டினி கெடக்கும், நீ ஒரு வேளை காப்பி இல்லன்னா தலையப் புடிச்சுக்கிறே. வெளிய இருந்து புதுசா வந்த பாம்பா, அதை ஒரு மாசமாச்சும் தனியா வை. செதிலுக்கு இடுக்குல பூச்சி ஏறியிருந்தா ஒரு பாம்புலேர்ந்து பங்களா முழுக்க ஏறிடும்.

எல்லாத்தையும் ஒரே பெரிய ரூமுல விட்டா பாக்க நல்லாயிருக்கும்னு யாரோ சொன்னாங்களாமே? நல்லாத்தான் இருக்கும். ராஜநாகம் மத்த பாம்பைத்தான் சாப்பிடும். ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு பாம்பு, ரொம்பக் கொழுகொழுன்னு, பாக்க நல்லாவே இருக்கும்.

ராஜநாகம்னு சொன்னதும் ஞாபகம் வருது. சந்து பொந்தைப் பாருடா. பெரிய வீடுன்னா ஓட்டையும் ஜாஸ்தி. ஸ்வீடன்ல, ஸ்டாக்ஹோம் ஊருல, ஸ்கான்சென்னு ஒரு எடம். 2022 அக்டோபர்ல அங்க ஒரு ராஜநாகம், ஏழடி, புதுக் கண்ணாடி வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆச்சு. மேல வெளக்கு மாட்டியிருக்கிற எடத்துல இடுக்கு. முன்னெல்லாம் அங்க குண்டு பல்பு எரியும், கொதிக்கும், எந்தப் பாம்பும் கிட்டப் போவாது. கரண்டு மிச்சம் பண்ணலாம்னு அதைக் கழட்டிட்டு சூடில்லாத பல்பைப் போட்டாங்க. அதான், மாப்பிள்ளை பல்புக்குப் பக்கத்துலயே நெளிஞ்சு மேல போயிட்டாரு. கட்டடத்துல ஒரு பக்கத்தை மூடி, எக்ஸ்ரே மிஷினெல்லாம் கொண்டாந்து, சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபுடிச்சு, தொளை போட்டாங்க. தொளை போட்டதும் அங்கேர்ந்தும் நகந்துட்டாரு. இவங்க தலையில கையை வெச்சுகினு இருக்கச் சொல்ல, ஒரு வாரம் சுத்திட்டு தானாவே கூண்டுக்குள்ள வந்து படுத்துகினாரு. அதுக்கு ஹூடினின்னு பட்டப்பேரு வெச்சாங்க. வெளிய குளிரு, சுவத்துக்குள்ள சாப்பாடும் இல்ல, வேற எங்க போவும்? உன்னை டியூப்லைட்டு கழட்டச் சொன்னேனே, அது நடக்கிற வழியில. கூண்டுக்குள்ள பல்பு மாத்தினா மட்டும் தாத்தாவுக்கு ஒரு போன் போடு.

அமெரிக்காவுல பிராங்க்ஸ் ஊருல 2011ல ஒரு குட்டி நாகம் இதே வேலையைப் பண்ணுச்சு. ஒரு வாரம் பாம்பு வீட்டையே மூடி வெச்சாங்க. அதுக்குள்ள எவனோ அந்தப் பாம்பு பேருல ட்விட்டரு ஆரம்பிச்சு, ஊரைச் சுத்திப் பாக்கிறேன்னு எழுத, லட்சக்கணக்குல ஜனம் சேந்துச்சு. கடைசியில அந்தக் கட்டடத்துக்குள்ளயே, இருட்டு மூலையில சுருண்டு கெடந்துச்சு. பாத்தியா, தப்பிச்சுப் போன பாம்பும் பானையைத்தான் தேடுது.

விஷப் பாம்பு இருக்கிற ரூமுல, கூண்டுக்குள்ளயே பூட்டற கதவோட ஒரு பொட்டி வேணும். அது உள்ள போயி உக்காந்ததும் கதவைச் சாத்திட்டு நீ பெருக்கு, தண்ணி மாத்து. கம்பியால புடிச்சுத் தூக்கி வீரம் காட்டாத. நம்ம ஊரு விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்குத்தான், அதுல ராஜநாகம் சேராது. இன்னொண்ணு, ராத்திரி பார்ட்டி ஏதாச்சும்னா மறுநாள் லீவு போட்டுடு. 1852ல லண்டன்ல, பாம்பு வீடு தெறந்து மூணு வருஷம்தான், எட்வர்டு கர்லிங்னு அதைப் பாத்துக்கிற ஆளு. ஆஸ்திரேலியா போற சிநேகிதனுக்கு விடிய விடிய வழியனுப்பு விழா, ஊத்தினது ஜின்னு. காலையில அப்படியே வேலைக்கு வந்து, மொதல்ல ஒரு பாம்பை எடுத்துக் கழுத்துல மாட்டிகினான். ஒண்ணும் ஆகல. தைரியம் வந்துடுச்சு. அடுத்து நல்ல பாம்பை எடுத்தான். அது மூக்குல போட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பொழைக்கல.

சரி, அந்த ஆப்பிரிக்காப் பாம்புக்கு வா. யாரோ பணக்கார வீட்டுப் பையன் வளர்த்து, அலுத்துப் போயி, கடைசியில உங்க தலையில கட்டினானே, பந்து மலைப்பாம்பு. அதை ராணின்னு கூப்பிடறியாமே. திரும்பிப் பாக்குதா? கையில எடுத்தா சுருண்டு படுத்துக்குது, எங்கிட்ட ரொம்பப் பாசம்னு உங்கம்மாகிட்ட பீத்திக்கிட்டியாம். பயந்தா பந்தாச் சுருள்றதுதான்டா அதோட கொணம், பேருலயே இருக்கு. உன் கை சூடா இருக்கு, அதான் ஒட்டுது. நீயா, வெந்நீர் பாட்டிலான்னு அதுக்கு வித்தியாசம் தெரியுமான்னு கேட்டா, நான் வெந்நீர் பாட்டிலு பக்கம்தான் பந்தயம் கட்டுவேன். பாங்காக்குலேர்ந்து பொட்டியில சுருட்டி அடச்சு, மீனம்பாக்கத்துல கஸ்டம்ஸ்காரங்க புடிக்கிறதைப் பேப்பர்ல எத்தினி வாட்டி போட்டுட்டான். நம்ம நாட்டுப் பாம்பை வீட்டுல வெச்சிருந்தா ஜெயிலு. வெளிநாட்டுப் பாம்பையும் இப்ப, 2024ல வந்த விதிப்படி, அரசாங்க வலைத்தளத்துல பதிஞ்சாவணும். பதியாத ஆளுங்க எல்லாம் இனிமே உங்க வாசல்ல வந்து நிப்பாங்க, பாத்துக்கோ.

வாசல்ல வந்தா தேவலாம். அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல என்னா பண்ணாங்க? பர்மா மலைப்பாம்பைச் செல்லமா வளர்த்தாங்க. அது தூணாட்டம் ஆனதும் சதுப்புக் காட்டுல விட்டுட்டாங்க. அங்க அதுக்குப் பெரிய வீடு கெடைச்சுச்சு, வாடகை இல்ல, சாப்பாடு கணக்கில்லாம. முயலு, கீரி அளவுல இருந்த உசுருங்களையெல்லாம் தின்னு தீத்துச்சு. நாயை விட்டுப் பாத்தாங்க, போட்டி வெச்சுப் பாத்தாங்க. கடைசியில 2017ல நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளருங்க ரெண்டு பேரை, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், பிளைட்டுல கூட்டிட்டுப் போனாங்க. அவங்க என்ன மிஷினு கொண்டு போனாங்க? கடப்பாரை ஒண்ணு கையில, மீதி எல்லாம் கண்ணுல. பாம்பைத் தேடல அவங்க. பாம்பு உக்காரத் தோதான எடத்தைத் தேடினாங்க. ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ. அப்பேர்ப்பட்ட ஆளுங்க ஒரு பஸ்சு தூரத்துல இருக்காங்க. உங்க வீட்டுக்குப் பிளான் போட யாரைக் கூப்பிட்டீங்க? சிட்டி ஆளு, ஷாப்பிங் மால் கட்டின அனுபவமாம்.

கடைசியில ஜனத்துக்கிட்ட வருவோம், உன் பெரிய தலைவலி அதான். டிக்கெட்டு எடுத்தவன் கண்ணாடிக்கு முன்னாடி வந்து நிப்பான். அருவி தெரியும், மயில் தெரியும், பானை தெரியும். "பாம்பே இல்லியே, ஏமாத்திட்டாங்கடா"ன்னு கத்துவான். அன்னிக்கு நீ பாஸாயிட்டேன்னு அர்த்தம். பாம்பு ஒளிஞ்சிகினு இருக்குன்னா அதுக்கு ஒளிய எடம் இருக்கு. ஆனா ஆபீசருக்கு அது புரியாது. புகார்ப் புத்தகத்தைக் காட்டி உன்னைத் திட்டுவாரு, பானையைத் தூக்கச் சொல்லுவாரு. அங்கதான் நீ தாத்தாவோட பேரனா நடந்துக்கணும். பானையை ரெண்டாப் பொளந்து, பொளந்த பக்கத்தைக் கண்ணாடியோட ஒட்டிக் கவுத்து வை. உள்ள இருக்கிறது மூணு பக்கம் மண்ணு, ஒரு பக்கம் இருட்டுன்னு நெனச்சு அக்கடான்னு படுத்திருக்கும். வெளிய நடக்கிற வழியில வெளக்கைக் கழட்டியாச்சு இல்ல, அதனால ஜனம் தெரியாது. ஜனத்துக்கு மட்டும் பாம்போட முதுகுச் செதிலு ஒவ்வொண்ணாத் தெரியும். வெயில் காயற பாறையையும் கண்ணாடிக்கு ஓரமாவே போட்டு அடியில சூடு குடு. காலையில அதுவா வந்து படுக்கும். நீ கூப்பிட்டதா ஆபீசர்கிட்ட சொல்லிக்கோ, நான் காட்டிக் குடுக்க மாட்டேன்.

மண்ணுளி இருக்கிற ரூமுக்கு மட்டும் எந்த வித்தையும் பலிக்காது. மணலுக்குள்ள பொதைஞ்சுதான் கெடக்கும், அதுக்கு அதான் பங்களா. லட்சம் குடுத்து அதை வாங்க ஊரெல்லாம் ஏமாந்த ஜனம், இங்க இருபது ரூபா டிக்கெட்டுல வெறும் மணலைப் பாத்துட்டுப் போவட்டும். கண்ணாடியைத் தட்டறவன் வருவான், கொழந்தையைத் தூக்கித் தட்ட விடறவளும் வருவா. பாம்புக்குக் காது கேக்காதுன்னு சொல்லிகினே தட்டுவாங்க. தட்டற அதிர்வு தாடையெலும்பு வழியா உள்ள போவும். தட்டாதீங்கன்னு போர்டு வெச்சா யாரும் படிக்க மாட்டான். "இந்தக் கண்ணாடி புதுசு, இன்னும் சரியா ஒட்டல"ன்னு எழுதி வை. எவன் கிட்ட வரான்னு பாக்கிறேன்.

தெறப்பு விழாவுக்கு மந்திரி வராராமே. மலைப்பாம்பை அவரு தோள்ல போட்டு போட்டோ எடுக்கணும்னு எவனாச்சும் ரோசனை சொல்லுவான். அது அன்னிக்குத்தான் சாப்பிட்டுச்சு, தோள்ல போட்டா எலியைக் கக்கிடும்னு மெதுவா அவரு பி.ஏ. காதுல போடு. வேட்டி வெள்ளையா இருக்குங்கன்னும் சேத்துச் சொல்லு. அப்புறம் பானைக்கான பில்லு. குயவர்கிட்ட நானே பேசிட்டேன், பன்னெண்டு ரூமுக்கு இருபத்தி நாலு, ஒடஞ்ச பானைன்னா வெலை இன்னும் கம்மி, வண்டிச் சத்தம் உன்னுது. நூத்துக் கணக்குலதான் முடியும், கான்டிராக்டரு கைக்குப் போவாம பாத்துக்கோ, போச்சுன்னா அதுவே "டெரகோட்டா"ன்னு லட்சத்துல ஏறிடும். எனக்கு மேடையில எடமெல்லாம் வேணாம், பொன்னாடையும் வேணாம். மத்தியானம் சாப்பாடு உண்டா, இல்ல வெறும் பொட்டலம்தானா, அதை மட்டும் விசாரிச்சுட்டு வந்து சொல்லு.